பழைய லென்ஸையும் புதிய லென்ஸையும் எப்படி எடைபோடுவது?

பழைய லென்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "அதெல்லாம் ஃபிலிம் காலத்துச் சரக்கு, இன்றைய சென்சாருக்குத் தாங்காது" என்பது ஒரு கட்சி. "புது லென்ஸில் உயிரே இல்லை, பழசில்தான் படம் பேசும்" என்பது இன்னொரு கட்சி. இரு தரப்பிலும் பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு பழைய லென்ஸை ஒரே ஒரு மலிவு அடாப்டரில் (பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் வளையம்) மாட்டி, நாலு படம் எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

அந்த நாலு படத்தில் தெரிகிற குறை எதுவானாலும் அது மூன்று இடங்களில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். லென்ஸை வடிவமைத்தபோதே அந்தக் குறை அதில் இருந்திருக்கலாம். ஐம்பது வருடத்தில் அந்த ஒரு லென்ஸுக்கு நேர்ந்த பூஞ்சை, மூட்டம், தவறான ரிப்பேர் காரணமாக இருக்கலாம். அல்லது அடாப்டரும் சென்சாரும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால்தான் பழையதைப் புதியதோடு ஒப்பிட முடியும். பிரிக்காமல் சொல்வது அந்த வடிவமைப்பைப் பற்றிய கருத்தே ஆகாது.

ஒரே குடும்பத்து இரண்டு லென்ஸ்

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பழையது, சோவியத் ஒன்றியத்தின் ஜெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44-2: 58 மி.மீ., எஃப்/2 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் திறப்பு பெரிது), எம்42 திருகு மவுண்ட் (கேமராவில் மாட்டும் பகுதி). லட்சக்கணக்கில் தயாரானதால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பழைய லென்ஸ் பக்கம் வருகிற பலர் முதலில் தொடுவது இதைத்தான். புதியது, சோனி எஃப்.இ. 50 மி.மீ. எஃப்/1.8. ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) மிரர்லெஸ் (உள்ளே எழும்பும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கான மலிவு லென்ஸ், எடை 186 கிராம்.

ஹீலியோஸ் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பயோட்டாரின் வழி வந்தது. பயோட்டாருக்கும் ஒரு மூதாதை உண்டு: அதே ஸைஸில் பால் ருடோல்ஃப் 1896இல் உருவாக்கிய பிளானார். நடுவில் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு), அதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைந்த வில்லைகள். இதை டபுள் காஸ் அமைப்பு என்பார்கள். முன்பாதி ஒரு திசையில் செய்யும் பிழையைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து பெருமளவு கழித்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். ஓரத்து ஒளிப்புள்ளிக்கு வால் முளைக்கும் கோமா, நேர்கோடு வளையும் டிஸ்டார்ஷன், ஓரங்களில் வரும் நிறப் பிசிறு ஆகிய மூன்றும் இப்படிக் கழிந்துபோகும். கணினி இல்லாத காலத்தில், லாகரிதம் அட்டவணையை வைத்து ஒளிக்கதிர்களைக் கையால் கணக்கிட்டவர்களுக்கு இந்தச் சமச்சீர் அமைப்பு பெரிய உதவி.

சமச்சீரால் கழியாத பிழைகளும் உண்டு. வில்லையின் விளிம்பு வழியாக வரும் ஒளியும் மையம் வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாதது கோளப் பிழை. ஃபோகஸ் ஆகும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணமாக வளைவது புலவளைவு. இவற்றோடு, ஓரத்துப் புள்ளியின் நெடுக்கும் குறுக்கும் வெவ்வேறு தூரத்தில் குவியும் அஸ்டிக்மாட்டிஸமும் சேரும். ஹீலியோஸின் எஃப்/2 படத்தில் கண்ணுக்குத் தெரிகிற 'குணம்' எல்லாம் கிட்டத்தட்ட இந்த மூன்றின் கைவண்ணம்தான்.

சோனி 50 எஃப்/1.8 இந்தக் குடும்பத்திலிருந்து ரொம்ப தூரம் போய்விடவில்லை. ஹீலியோஸில் 4 குழுக்களில் 6 வில்லைகள் (தனி வில்லையோ, ஒன்றாக ஒட்டிய வில்லைகளோ ஒரு குழு; குழுவுக்குக் காற்றைத் தொடும் பரப்பு இரண்டு). சோனியில் 5 குழுக்களில் 6 வில்லைகள், அதில் ஒன்று ஆஸ்ஃபெரிக்கல், அதாவது கோள வடிவில் இல்லாத பரப்பு கொண்டது. உண்மையில் வேறு பாதையில் போன நவீன வடிவமைப்பைப் பார்க்க வேண்டுமானால் நிக்கான் இசட் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ் பக்கம் போக வேண்டும்: 9 குழுக்களில் 12 வில்லைகள், 415 கிராம். ஆகவே 'புதிய லென்ஸ்' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. மலிவான புது 50 மி.மீ. லென்ஸை விட நல்ல நிலையில் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் எஃப்/4இல் பின்தங்கவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வில்லைகள் ஏன் பெருகின?

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் 8. ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் போனால் கடைசியில் கடந்து வருவது 72 சதவீதம். மீதி ஒளி சும்மா போய்விடுவதில்லை. அதில் ஒரு பகுதி பரப்புக்குப் பரப்பு எகிறி, படத்தின் மேல் வெளிறிய திரையாக விழும். பிளானார் அருமையான வடிவமாக இருந்தும், 1902இல் வந்த டெஸ்ஸார் அதை முந்திப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெஸ்ஸாரில் 4 வில்லைகள், 3 குழுக்கள், எனவே 6 பரப்புகள்தான்.

1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகூலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். மெக்னீசியம் ஃப்ளோரைடு ஒற்றைப் பூச்சு ஒரு பரப்பின் எதிரொளிப்பைச் சுமார் ஒன்றரை சதவீதமாக இறக்கியது. ஹீலியோஸ் 44-2 இந்த ஒற்றைப் பூச்சுக் காலத்தைச் சேர்ந்தது. 1971இல் பென்டாக்ஸின் சூப்பர் மல்டி கோட்டட் டக்குமார் லென்ஸ்கள் வந்தபின் பல அடுக்குப் பூச்சு சாதாரணக் கேமராவுக்கும் இறங்கிவந்தது. நல்ல பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பு இழப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு.

மேலே சொன்ன நிக்கானில் 9 குழுக்கள், அதாவது 18 பரப்புகள். பூச்சே இல்லாமல் அதைச் செய்தால் பாதி ஒளி கூட உள்ளே வராது. ஒரு பரப்புக்கு 0.3 சதவீத இழப்பு என்று வைத்தால் 95 சதவீதம் வந்துவிடும். பழைய வடிவமைப்பாளர் ஆறேழு வில்லைகளோடு நிறுத்திக்கொண்டதற்கு அறிவுக் குறைவு காரணமல்ல. இன்னொரு குழுவைச் சேர்த்தால் பிழை குறையும், ஆனால் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) செத்துவிடும். பூச்சு வந்ததும் அந்தத் தடை விலகியது. கணினி, அச்சில் வார்த்தெடுக்கும் ஆஸ்ஃபெரிக்கல் வில்லைகள், ஒளிப்பிரிகை குறைந்த கண்ணாடி வகைகள் எல்லாம் அதற்குமேல் வந்து சேர்ந்தவை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எந்த வகையில் பழையது நிஜமாகவே பின்தங்கும் என்பதை ஊகிக்கலாம். எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான அகலக் கோண லென்ஸ்களில் வித்தியாசம் பெரிது. உள்ளே உள்ள பிரதிபலிக்கும் கண்ணாடி எழும்ப இடம் விட வேண்டியிருந்ததால் சமச்சீர் அமைப்பைக் கைவிட வேண்டியிருந்தது. பிரெஞ்சு நிறுவனமான ஆஞ்ஜெனியூ 1950இல் அந்த இடத்தை விட்டுக் குவிக்கும் ரெட்ரோஃபோகஸ் லென்ஸைக் கொண்டுவந்த பிறகும் மூலைகள் சீராகப் பல காலம் பிடித்தது. பழைய ஜூம்கள் இன்னும் மோசம். 1970களின் ஜூம் ஒன்றை கேமராவோடு சேர்த்தே விற்கும் இன்றைய கிட் ஜூமோடு ஒப்பிடுவதே வீண் வேலை. 50 முதல் 135 மி.மீ. வரையிலான ஃபிக்ஸட் (ஜூம் இல்லாத) லென்ஸ்கள்தான் பழையதில் தங்கம். எஃப்/1.2, எஃப்/1.4 போன்றவற்றில் முழுத் திறப்பில் பழையது மங்கலாகத்தான் இருக்கும். இரண்டு ஸ்டாப் (ஒளி பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்) மூடினால் நிலைமை மாறும்.

மாட்டும் முன் கையிலுள்ளதைப் பாருங்கள்

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, இருட்டான அறையில் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும், ஆனால் ஒளி நேராகக் கண்ணில் படாத கோணத்தில். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் பயங்கரமாகத்தான் தெரியும்.

தூசிப் புள்ளிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் ஒன்றும் செய்யாது. மெல்லிய நூல் கிளைத்ததுபோல் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் சீரான மங்கல் என்றால் மூட்டம். பெரும்பாலும் உள்ளே இருந்த கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டோ வளையமோ தெரிந்தால் இரண்டு வில்லைகளை ஒட்டியிருந்த பசை பிரிந்திருக்கிறது. முன்கண்ணாடியில் ஒரு கீறல் பெரிய குற்றமல்ல. பின்கண்ணாடியில் அதே கீறல் ஒளி படும்போது தெரிந்துவிடும்.

இவற்றில் ஏமாற்றுவது மூட்டம்தான். பூஞ்சையைக் கண்டால் யாரும் பயப்படுவார்கள், ஆனால் மூலையில் உள்ள சின்னப் பூஞ்சை படத்தில் பெரும்பாலும் தெரியாது. மூட்டம் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தட்டுப்படாது, ஆனால் கான்ட்ராஸ்ட்டை மொத்தமாகச் சாப்பிட்டுவிடும். "பழைய லென்ஸுக்கே உரிய கனவு போன்ற மென்மை" என்று விற்பனைப் படங்களில் போற்றப்படுவதில் கணிசமான பங்கு துடைத்தால் போய்விடுகிற அழுக்கு. மூட்டம் உள்ள லென்ஸை வைத்து வடிவமைப்பை மதிப்பிடாதீர்கள். சுத்தம் செய்து வாங்கிய பிறகு பாருங்கள்.

அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தால் அது எந்த லென்ஸ் என்பதைப் பொறுத்தது. ஹீலியோஸ் 44-2இல் இதழ்களை மூடுவது உங்கள் கைதான், அதனால் எண்ணெய் வேகத்தைக் கெடுக்காது. நாளாவட்டத்தில் மூட்டமாக மாறலாம் என்பதுதான் கவலை. பின்பக்கம் நீட்டியிருக்கும் ஊசியை அழுத்தி கேமராவே மூடும் வகை லென்ஸில் எண்ணெய் இருந்தால் இதழ்கள் தாமதமாக மூடும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

பழைய சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. காலப்போக்கில் அந்தக் கண்ணாடி தேன் நிறத்துக்கு மஞ்சளாகும், ஒளியும் குறையும். புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளியும். வெயிலிலும் தெளியும், ஆனால் லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துப் பக்கத்தில் உள்ளதைப் பொசுக்கக் கூடியது. சூட்டில் கிரீஸும் இளகி இதழ்களுக்கு இறங்கும். இந்த லென்ஸ்களில் இலேசான கதிரியக்கம் இருக்கிறது. சாதாரணமாகப் பயன்படுத்துவதில் பெரிய ஆபத்தில்லை. அந்த வில்லையைக் கழற்றித் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. ஒப்பீடு என்று வரும்போது மஞ்சள் தெளிந்த பிறகு எடுங்கள், இல்லையென்றால் "பழைய லென்ஸ் வெதுவெதுப்பான நிறம் தருகிறது" என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரம் அதிகம். தோல் பெட்டியில் பூட்டிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டே சோதியுங்கள். வாங்கியபின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் பெட்டியில் வையுங்கள். பூஞ்சையைத் துடைத்தாலும் அது அரித்த பூச்சு திரும்பாது.

அடாப்டர் செய்யும் குளறுபடி

மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு அமைப்புக்கும் நிலையானது. எம்42க்கு 45.46 மி.மீ., சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ. ஆகவே இரண்டுக்கும் இடையில் வரும் அடாப்டர் சரியாக 27.46 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? ஃபோகல் லெங்த்தை (லென்ஸின் மி.மீ. எண்) அதாலேயே பெருக்கி, கூடுதல் தடிமனால் வகுத்தால், லென்ஸ் எட்டக்கூடிய கடைசித் தூரம் வரும். 58 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ 34 மீட்டர். அதற்கு அப்பாலுள்ள மலையும் கோபுரமும் எப்போதும் மங்கல்தான். "தூரக் காட்சியில் ஷார்ப் இல்லை" என்று இந்தப் பாவத்தை லென்ஸின் தலையில் கட்டுபவர்கள் நிறைய.

இதற்குப் பயந்துதான் பெரும்பாலான அடாப்டர்களை ஒரு மயிரிழை குறைவாகவே செய்கிறார்கள். அப்போது ஃபோகஸ் ரிங் முடிவிலிக் குறியைத் தாண்டியும் போகும். அது பரவாயில்லை, ஆனால் ரிங்கைக் கடைசிவரை திருகிவிட்டு "முடிவிலிக்கு வைத்துவிட்டேன்" என்று படம் எடுக்கக் கூடாது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு குளறுபடி உட்சுவர். பழைய லென்ஸ் சென்சாரைவிடப் பெரிய வட்டத்துக்கு ஒளி பாய்ச்சும். மிச்ச ஒளி அடாப்டரின் பளபளப்பான உட்சுவரில் பட்டு சென்சாருக்குத் திரும்பி வந்து கறுப்பைச் சாம்பலாக்கும். அடாப்டரின் வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே மினுங்கினால் மெல்லிய கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டிவிடுங்கள். வில்லைகள் உள்ள அடாப்டர்களை, ஃபோகல் லெங்த்தைக் குறைப்பவை உட்பட, ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை தம் பிழைகளையும் சேர்த்துத் தரும்.

ஊசி உள்ள எம்42 லென்ஸ்களில் தானியங்கி, கையியக்கம் என்று மாற்றும் விசை இருந்தால் கையியக்கத்தில் வையுங்கள். விசை இல்லாதவற்றுக்கு ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் தேவை, இல்லாவிட்டால் ரிங்கை எஃப்/8க்குத் திருப்பினாலும் லென்ஸ் முழுத் திறப்பிலேயே நிற்கும். நீங்கள் எஃப்/8 என்று நம்பி எஃப்/2 படத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஹீலியோஸ் 44-2இல் ஊசியே கிடையாது, இரண்டு ரிங். ஒன்று க்ளிக் க்ளிக்கென்று எல்லையை வைக்கும், இன்னொன்று அந்த எல்லைவரை வழவழவென்று மூடும். க்ளிக் ரிங்கை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்தாலும் இதே கதைதான்.

ஒப்பிட்டு எடுக்கும் முறை

அச்சடித்த சோதனை அட்டை தேவையில்லை. பொடி எழுத்துள்ள செய்தித்தாள் பக்கங்களைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு. 50 மி.மீ. லென்ஸை இரண்டரை மீட்டரில் வையுங்கள். 58 மி.மீ.க்கு அதே அளவு படம் வர 2.9 மீட்டருக்குப் பின்னால் போக வேண்டும். இடத்தை மாற்றாமல் எடுத்தால் 58இல் எழுத்து 16 சதவீதம் பெரிதாக விழும்; அதைப் பார்த்து ஹீலியோஸ் ஷார்ப் என்று ஏமாறலாம்.

கேமரா சுவருக்கு நேராக நிற்பதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. முகம் பார்க்கும் சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் நடுவில் அழுந்த வையுங்கள். திரையின் சரியான மையத்தில் உங்கள் லென்ஸே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கேமரா சாய்ந்திருக்கிறது. எஃப்/2இல் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும்.

ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், குறைந்த ஐ.எஸ்.ஓ., ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டுங்கள். கேமராவின் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பிறகு கையில் பிடித்து எடுக்கும்போது அதை இயக்கினால் ஃபோகல் லெங்த் 58 என்று மெனுவில் நீங்களே சொல்ல வேண்டும், பழைய லென்ஸ் கேமராவிடம் எதையும் சொல்லாது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பையும் சில கேமராக்களில் இயக்க வேண்டியிருக்கும்.

ஃபோகஸ்தான் எல்லாருடைய ஒப்பீடும் கவிழும் இடம். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங்கை நம்பாதீர்கள், அது தோராயம். படத்தைப் பெரிதாக்கி, எழுத்தைப் பார்த்து வையுங்கள். கோளப் பிழை உள்ள லென்ஸில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் சற்று நகரும். எனவே எஃப்/2இல் வைத்துவிட்டு எஃப்/2.8க்கு மூடி எடுத்தால் அந்தப் படம் அநியாயமாக மங்கும். எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் வையுங்கள். ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் ஐந்து முறை புதிதாக ஃபோகஸ் செய்து எடுத்து, அதில் சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய லென்ஸுக்கும் இதே சலுகை உண்டு, ஆட்டோஃபோகஸும் தவறும்.

எஃப்/2, 2.8, 4, 5.6, 8 போதும். எஃப்/16இல் எந்த லென்ஸும் ஒன்றுதான். ஒளியின் விளிம்பு விலகலால் ஒரு புள்ளி ஏறத்தாழ 21 மைக்ரான் வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலே 6 மைக்ரான்தான்.

மூலைகளை எப்படிப் படிப்பது? நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கல் என்றால், மூலையில் உள்ள செய்தித்தாளில் ஃபோகஸ் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இப்போது மூலை தெளிந்தால் அது புலவளைவு. தட்டையான சுவரையோ ஆவணத்தையோ எடுப்பவருக்கு மட்டும்தான் அது தொல்லை. முகத்தை எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. அப்போதும் தெளியவில்லை என்றால் அஸ்டிக்மாட்டிஸமும் கோமாவும், அதாவது வடிவமைப்பின் எல்லை. ஒரே ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கல் என்றால் அது வடிவமைப்பே அல்ல. கேமராவைத் தலைகீழாக வைத்து மறுபடி எடுங்கள். படத்தில் கெட்ட மூலை அதே இடத்தில் நின்றால் லென்ஸிலோ அடாப்டரிலோ கோளாறு. எதிர்மூலைக்கு இடம் மாறினால் உங்கள் சுவர்தான் நேராக இல்லை. லென்ஸா அடாப்டரா என்று பிரிக்க இன்னொரு அடாப்டர் வேண்டும்.

ஷார்ப் மட்டும் போதாது

ஹீலியோஸை இப்படிச் சோதித்தால், எஃப்/2இல் மையத்தில் எழுத்து படிக்கக் கூடியதாக, ஆனால் அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிப்புகை சூழ்ந்ததாக இருக்கும். விவரம் இருக்கிறது, கான்ட்ராஸ்ட் இல்லை. எஃப்/5.6இல் புகை காணாமல் போய், மையத்தில் புது லென்ஸிலிருந்து பிரித்தறிவது சிரமமாகிவிடும். மூலைகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கித் தெரிகிற வேறுபாட்டில் பெரும்பகுதி, 6000 பிக்சல் அகலப் படத்தை 1920 பிக்சல் திரைக்குச் சுருக்கியதும் கரைந்துவிடும். எந்த அளவில் படத்தைப் பார்க்கப் போகிறீர்களோ அந்த அளவிலும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

ஒளி எதிரே நிற்கும்போதுதான் வயது தெரியும். பிரகாசமான ஜன்னலில் வெள்ளைத் தாளை ஒட்டி அதன் நடுவில் கறுப்புத் துணித் துண்டு ஒன்றைக் குத்துங்கள். இரண்டு லென்ஸிலும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் அந்தக் கறுப்பின் மேல் கர்சரை வைத்து எண்ணைப் படியுங்கள். எண் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு வழிதவறிய ஒளி. பிறகு ஹூட் (பக்க ஒளியை மறைக்கும் வளையம்) மாட்டி மறுபடி எடுங்கள். ஹீலியோஸ் 44-2, சோனி இரண்டுக்கும் ஃபில்டர் திருகு 49 மி.மீ.தான், ஒரே ஹூட் போதும். ஹூட்டால் எண் நன்றாக இறங்கினால் குற்றம் பாதி உங்கள் பழக்கத்தில் இருக்கிறது. இறங்காவிட்டால் மூட்டத்தையோ அடாப்டரையோ சந்தேகப்படுங்கள்.

நிறப் பிசிறுக்கு, பளிச்சிடும் வானத்துக்கு எதிரே நிற்கும் மெல்லிய கிளைகளை முழுத் திறப்பில் எடுங்கள். ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் தெரிவது நீளவாக்குப் பிசிறு; மூடினால் குறையும். படத்தின் ஓரங்களில் மட்டும் தெரிவது பக்கவாட்டுப் பிசிறு. மூடினாலும் போகாது, ஆனால் மென்பொருளில் ஒரு தட்டில் போய்விடும்.

போக்கே (மங்கலான பின்னணியின் தோற்றம்) விஷயத்தில் ஹீலியோஸுக்கு இருக்கும் பெயர் சுழல். பின்னணி இலைகள் மையத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரிவதற்குக் காரணம், சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் முன், பின் விளிம்புகள் வெட்டுவதால் ஓரத்து ஒளிவட்டங்கள் பூனைக்கண்ணாகச் சப்பையாவதும், அஸ்டிக்மாட்டிஸம் அவற்றை இழுப்பதும். இது வேண்டுமென்றால் முழுத் திறப்பு, ஒன்று முதல் ஒன்றரை மீட்டரில் ஆள், அவருக்குப் பல மீட்டர் பின்னால் இலை இடுக்கில் ஒளி கசியும் மரம், இத்தனையும் வேண்டும். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் சுழலும் பெரும்பாலும் போய்விடும். ஃபுல் ஃப்ரேமில் எடுத்த படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். எஃப்/4க்கு மூடினாலும் சுழல் நின்றுவிடும்.

மங்கலின் அளவில் பழையது எதையும் கூடுதலாகத் தருவதில்லை. 58ஐ 2ஆல் வகுத்தால் 29 மி.மீ.; 50ஐ 1.8ஆல் வகுத்தால் 27.8 மி.மீ. ஒளி நுழையும் வாசல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. ஆளை ஒரே அளவில் வைத்து எடுத்தால் தொலைவிலுள்ள விளக்கு ஏறத்தாழ ஒரே அளவு வட்டமாகத்தான் விரியும். மாறுவது வட்டத்தின் உட்புறம். ஐந்தாறு மீட்டர் பின்னால் சீரியல் பல்பு தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள்: விளிம்பு பளிச்சென்று கோடு போட்டிருந்தால் கோளப் பிழையின் வேலை, உள்ளே வெங்காய வளையங்கள் தெரிந்தால் வார்த்தெடுத்த ஆஸ்ஃபெரிக்கல் வில்லையின் வேலை. இரண்டாவது புதிய லென்ஸ்களின் நோய்.

மென்பொருள் திருத்தத்தை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். புதிய மிரர்லெஸ் லென்ஸ்களில் பல, டிஸ்டார்ஷனையும் மூலை இருட்டையும் மென்பொருள் சரிசெய்யும் என்ற கணக்கிலேயே வடிவமைக்கப்படுகின்றன. அதை அணைத்துவிட்டு ஒப்பிடுவது நேர்மை என்பார்கள் சிலர். அந்த லென்ஸ் அப்படிப் பயன்படுத்தவே செய்யப்பட்டது; திருத்தத்தோடு வரும் படத்தைத்தான் பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பழையதற்கும் அதேபோல் கான்ட்ராஸ்ட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். ஒளித்திரையால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். மூலையில் கோமாவால் வால் முளைத்த விளக்குப் புள்ளியை எந்த ஸ்லைடராலும் திரும்ப வட்டமாக்க முடியாது. இரவில் தெரு விளக்குகளையும் நட்சத்திரங்களையும் முழுத் திறப்பில் எடுப்பவர் புதியதற்குக் காசு கொடுக்கலாம்; பகலில் எஃப்/5.6இல் முகங்களை எடுப்பவருக்கு அந்தச் செலவு ஆட்டோஃபோகஸுக்குத்தான் போகிறது.